எவர்சில்வர் காபி பில்டர்: நெடுநாள் புழக்கத்தில் கண்டவை

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகக் காலையும் மாலையும் புழங்கிவரும் எவர்சில்வர் பில்டரைப் பற்றியது இந்தப் பகிர்வு. மேல் பாத்திரம், கீழ்ப் பாத்திரம், தண்டு வைத்த அழுத்துத் தட்டு, மூடி ஆகியவற்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லாததால், கெட்டுப்போவதற்கும் எதுவும் இல்லை. ஆனால் காபி நன்றாக அமைவதில் பில்டரின் பங்கு சிறிது. பொடியின் பங்கே பெரிது என்பதுதான் இத்தனை நாள் புழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

வாங்கும்போது மேல் பாத்திரத்தின் அடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். துளைகள் எல்லாம் ஊசிமுனை அளவில் ஒரே சீராகத் தெரிய வேண்டும். இணையத்தில் மலிவாக வாங்கிய ஒரு பில்டரில் துளைகள் பெரிதாக இருந்ததால் டம்ளரின் அடியில் பொடி மண்டியாகத் தங்கியது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளூர்ப் பாத்திரக் கடையில் பார்த்து எடுத்ததுதான் இப்போது இருப்பது.

பொடியை, கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையில் ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு மட்டுமே வாங்குகிறோம். பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்னும் இரு வகைக் காபிக் கொட்டைகளும் சரிபாதி, அதனுடன் சிக்கரி 15 விழுக்காடு என்பது எங்கள் கணக்கு. காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த எல்லையை ஒட்டியே நிற்கும் பாக்கெட்டுகளும் விற்பனையில் இருப்பதால், உறையிலுள்ள சிறிய எழுத்தைப் படித்து வாங்குவது நல்லது. வறுத்த வேரான சிக்கரியில் காஃபீன் கிடையாது. அது டிக்காஷனுக்குக் கருமையும் கெட்டித்தன்மையும் தருவதோடு, இறங்கும் வேகத்தையும் குறைக்கிறது.

30 கிராம் பொடியை மேல் பாத்திரத்தில் போட்டு, ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டிச் சமன்செய்து, தட்டை அதன் மேல் அழுத்தாமல் வைத்து, கொதித்து அடங்கிய 150 மில்லி வெந்நீரை வட்டமாக ஊற்றினால், பொடி தன் எடையைப் போல் இரு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ள, 90 மில்லி அளவுக்கு முதல் டிக்காஷன் கிடைக்கும். கால் மணி நேரத்துக்கும் குறைவாக முழுவதும் இறங்கிவிட்டால் அரைவு கொரகொரப்பு; அரை மணி ஆகியும் சொட்டாமல் நின்றால், அரைவு மாவுபோல் இருக்கலாம் அல்லது தட்டை அளவுக்கு மீறி அழுத்தியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், மேல் பாத்திரத்தைச் சற்றே தூக்கி வைத்துப் பாருங்கள். பாத்திரங்கள் இறுக்கமாகப் பொருந்தும்போது கீழே அடைபட்ட காற்று வெளியேற வழியின்றிச் சொட்டு நின்றுவிடும். விளிம்பு விலகியதும் மளமளவென்று இறங்கத் தொடங்கும்.

பால் பொங்கி எழும் நொடியில் இறக்கிவிட வேண்டும். ஆறிய டிக்காஷனைத் தனியே சுடவைத்தால் கசப்பேறும் என்பதால், சூட்டைப் பாலிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். இரண்டாம் டிக்காஷனை முதலாவதோடு கலந்து மாலைக்கு ஒப்பேற்றும் வழக்கமும் உண்டு. விருந்தினருக்கு அதை நான் கொடுப்பதில்லை.

பராமரிப்பு சுலபம். சோப்பு வாடை தங்கிவிடும் என்பதால் அன்றாடம் வெந்நீரில் அலசினால் போதும். துளைகள் அடைத்துக்கொண்டால், மேல் பாத்திரத்தை மட்டும் இடுக்கியால் பிடித்து அடுப்புத் தழலில் காட்டினால், அடைத்த பொடி கருகி உதிர்ந்துவிடும். அடிப்பாகம் சற்று நிறம் மாறும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பித்தளைதான் உசத்தி. ஒரே பொடியை இரண்டிலும் போட்டுக் குடித்துப் பார்த்ததில் எனக்குச் சுவையில் வேறுபாடு தெரியவில்லை. புளி போட்டுத் தேய்க்கும் வேலைதான் பித்தளையில் கூடுதல்.

பில்டரின் அளவை மட்டும் அன்றாடத் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய பில்டரில் இருவருக்கான பொடியைப் போட்டால், அது மெல்லிய படலமாகப் பரவி, வெந்நீர் சாரத்தை எடுக்காமலேயே இறங்கிவிடும். விசேஷ நாட்களுக்கு வேண்டுமானால் பெரிதாக இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.