7,400 ரூபாய்க்கு ஒரு "டமாஸ்கஸ்" கத்தி: கேம்பிங் போகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

7,400 ரூபாய். ஒரே ஒரு கத்திக்கு. அந்தக் கத்தி இரண்டு துண்டாக என் மேசைமேல் கிடக்கிறது, விற்றவன் நேற்று மாலை என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன், அவனுக்கும் அடுத்த ஆள் கிடைத்துவிடும். கேம்பிங்குக்கு நல்ல கத்தியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம் என்று வக்கீல் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஃபோட்டோவும் குட்டி வீடியோவும் போடுகிற ஒரு செயலியில் நடக்கும் "கையால் அடித்த கத்தி" பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பத்துப் பக்கமாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

எனக்கு என்ன தேவை என்றால், நாங்கள் சில நண்பர்கள் ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவருடைய காப்பித் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது வழக்கம். வனத்துறைக் காட்டுக்குள் இல்லை, தோட்டத்துக்குள்ளேயே. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் கழித்த கிளைகளைக் காயப் போட்டிருப்பார்கள், அதுதான் எங்களுக்கு விறகு. அதைச் சன்னமாகப் பிளக்க, கயிறு அறுக்க, கோழி வெட்ட எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கத்தி. மடக்குக் கத்தி இதற்கு ஆகாது. விறகில் பதித்து முதுகில் கட்டையால் நாலு தட்டுத் தட்டினால் மடங்கும் இடத்தில் உள்ள ஆணி ஆட்டம் கண்டுவிடும். அதனால் மடக்காத கத்திதான், ஃபிக்ஸட் பிளேடு என்பார்களே, அது. அலகு 5 அங்குலம் போதும்.

அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் "ஹண்டிங் நைஃப்" என்றுதான் பெயர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில், முயல் அடித்தாலும் கேஸ் ஆகிற நாட்டில், யாருக்கு இவன் வேட்டைக் கத்தி விற்கிறான் என்று தெரியவில்லை. சரி, விளம்பர மொழி.

விலை கேட்டு ஒரு வரிதான் அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. "அண்ணே, நாங்க மூணு தலைமுறையா பட்டறைக்காரங்க. நம்ம கொடுமணல் எஃகு தெரியும்ல? டமாஸ்கஸ் வாளுக்கே இரும்பு இங்கிருந்துதானண்ணே போச்சு. அதே வேலைதான் நாங்க இன்னிக்கும் செய்யிறோம்." பின்னால் சம்மட்டிச் சத்தம் வேறு. அடுத்து வீடியோ: உலை, பொறி பறக்கிறது, வயதான ஒருவர் வியர்வை வடிய அடிக்கிறார். அடுத்த வீடியோவில் கத்தியால் செய்தித்தாளை நாடா நாடாவாகக் கீறுகிறார்கள், முன்கை முடியை மழிக்கிறார்கள். விவரமும் கச்சிதமாக வந்தது: 1095, 15என்20 இரண்டு எஃகும் சேர்ந்து 256 அடுக்கு, கடினம் 58 முதல் 60 ராக்வெல், ஃபுல் டாங் (அலகின் இரும்பே பிடியின் கடைசி வரை ஓடுவது; பிடிக்குள் போகும் அந்தப் பாகம்தான் டாங்), தடிமன் 5 மில்லிமீட்டர், வால்நட் பிடி.

இதில் எரிச்சல் என்ன தெரியுமா, அவன் சொன்ன வரலாறு பொய் இல்லை. கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகள் தோண்டி எடுக்கப்பட்டது உண்மை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் மூசையில், அதாவது களிமண் குடுவையில், உருக்கிய எஃகு மேற்கு ஆசியாவுக்குப் போனதும் உண்மை, அதில் அடித்த வாள்களில் அலை அலையாகக் கோடு தெரிந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கோடு, எஃகு ஆறும்போதும் அடிபடும்போதும் உள்ளிருக்கும் கார்பன் வரி வரியாகத் திரள்வதால் வருவது. இன்றைக்கு டமாஸ்கஸ் என்று விற்பது வேறு வேலை. இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒட்டவைத்து, மடித்து மடித்து அடித்துக் கடைசியில் அமிலத்தில் நனைப்பார்கள். 1095 கறுத்துவிடும், நிக்கல் கலந்த 15என்20 பளிச்சென்று நிற்கும். அதுவும் நல்ல வேலைதான், ஒழுங்காகச் செய்தால். என் கையில் வந்தது இந்த இரண்டில் எதுவும் இல்லை. நம் ஊர்ப் பெருமையைச் சொல்லி நம் ஊர்க்காரன் தலையிலேயே கட்டுகிறான், அதுதான் வயிறு எரிகிறது.

கேஷ் ஆன் டெலிவரி கிடையாதாம், ஆர்டர் எடுத்த பிறகுதான் அடிப்பார்களாம். முன்பணம் 2,000. ஒரு வாரம் கழித்து மீதி 5,400 கேட்டான். கேட்ட கையோடு ஒரு வீடியோவும் அனுப்பினான். அலகின் அடிப்பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துகள், இனிஷியலோடு. "இது நம்ம அன்புக்காக, ஃப்ரீண்ணே." நான் கேட்கவே இல்லை. பெயர் பொறித்த கத்தியைப் பார்த்த பிறகு எவனுக்குச் சந்தேகம் வரும்? உடனே அனுப்பினேன். மொத்தம் 7,400 ரூபாய், யுபிஐயில்.

பார்சல் வந்தது. தங்க நிறப் பெட்டி, தோல் உறை, கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை, "கிச்சன் ஐட்டம் - 1" என்று ஒரு வரி. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "கூரியர்ல கத்தின்னு போட்டா எடுக்க மாட்டாங்கண்ணே, சும்மா ஃபார்மாலிட்டி" என்றான். இந்த ஃபார்மாலிட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். தடிமன் 5 இல்லை, 3 மில்லிமீட்டர். அதற்கும் பதில் வைத்திருந்தான்: "ஃபினிஷிங்ல கொஞ்சம் போகும்ணே."

ஏற்காட்டில் முதல் நாள் மாலையே உடைந்தது. மணிக்கட்டுத் தடிமன் கூட இல்லாத காய்ந்த கிளை. கத்தியைப் பதித்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினேன். "டிக்" என்று ஒரு சத்தம். அலகு விறகிலேயே நின்றது, பிடி மட்டும் என் கையோடு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் "மாப்ளே, கையப் பாரு" என்று கத்தினான். ஒன்றும் ஆகவில்லை. அலகு தெறித்து எகிறியிருந்தால் அவன் முகத்தில்தான் இறங்கியிருக்கும்.

பிடிக்குள் பார்த்தால், ஃபுல் டாங் என்று சொன்ன இடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பசை. பிடியின் இரண்டு பக்கமும் பளபளத்த பித்தளை ஆணிகள் மேலோடு ஒட்டியவை, உள்ளே எதையும் பிடிக்கவில்லை. கம்பியை அலகோடு பற்றவைத்த இடத்தில்தான் முறிந்திருக்கிறது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பிடிக்குள் மறைந்திருக்கும் டாங் என்றாலே மோசம் இல்லை. ஃபின்லாந்துக்காரர்களின் பூக்கோ கத்திகள் காலங்காலமாக அப்படித்தான். சுவீடனின் மோரா கத்திகளில் பெரும்பாலானவற்றிலும் இரும்பு பிடியின் கடைசி வரை போகாது, இருந்தும் உலகமே தூக்கிக்கொண்டு அலைகிறது. அவர்கள் அதை மறைப்பதில்லை, அலகும் டாங்கும் ஒரே துண்டு. இவன் விற்றது ஃபுல் டாங் என்று சொல்லி, ஒட்டுப் போட்ட கம்பி.

மலை இறங்கியதும் தெரிந்த பட்டறைக்குப் போனேன். ஆசாரி அலகைக் கையில் வாங்கி, அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தார். நன்றாகக் கடினமேறிய எஃகில் அரம் வழுக்கும். இதில் கொய்யாக்காயைக் கடிப்பதுபோல் கடித்தது. "துவைச்சலே இல்ல தம்பி. காய்ச்சித் தோய்க்காத வெறும் தகடு. கூர் பிடிக்கும், நிக்காது." அப்புறம் எமரித் தாளால் தேய்த்தார். டமாஸ்கஸ் அலை இரண்டே நிமிடத்தில் காணோம், பளபளவென்று சாதாரண ஸ்டீல். அச்சடித்த டிசைன்.

அதோடு விடவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்யும் நண்பனிடம் ஃபெரிக் குளோரைடு இருந்தது, சர்க்யூட் போர்டு அரிக்கப் பயன்படுத்துவது. உண்மையான அடுக்கு எஃகாக இருந்தால், தேய்த்தபின் அதில் நனைத்தால் கோடு திரும்ப வரும், ஏனென்றால் கோடு உள்ளே வரைக்கும் இருக்கிறது. நனைத்தோம். அலகு முழுக்க ஒரே சாம்பல் நிறம். ஒரு கோடு இல்லை.

அந்தக் காகிதம் கீறும் வீடியோவுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. எந்த மலிவான தகட்டையும் நன்றாகச் சாணை பிடித்தால் காகிதம் கீறும், முடியும் மழிக்கும். கட்டை சீவிய பிறகும் கீறுகிறதா என்பதுதான் கேள்வி. அதை எந்தப் பக்கமும் காட்டுவதில்லை.

இனி அவன் பதில்களைக் கேளுங்கள். உடைந்த ஃபோட்டோக்களை அனுப்பியதும் முதல் பதில்: "பாக்குறேண்ணே." இரண்டு நாள் சத்தமில்லை. திரும்பக் கேட்டேன். அண்ணன் போய் சார் வந்துவிட்டது. "சார், பில்லை பாருங்க. கிச்சன் ஐட்டம்னு தெளிவா இருக்கு. கிச்சன் கத்தியை வெச்சு விறகு பிளந்தது உங்க தப்பு." அவனே எழுதிய ஃபார்மாலிட்டி! ஹண்டிங் நைஃப் என்று விற்றவன், விறகுக்கே ஆகாது என்கிறான். சரி, பணத்தைத் திருப்பிக் கொடு, கத்தியை வைத்துக்கொள் என்றேன். "பேர் பொறிச்ச பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது சார், கஸ்டமைஸ்டு." அந்த அன்பு எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்து "கஸ்டமர் கேர்" என்று ஒரு பெண் பேசினார். மாற்றுக் கத்தி அனுப்புகிறார்களாம், பிக்கப் செலவுக்கு 650 ரூபாய் முன்னால் கட்ட வேண்டுமாம். 7,400 போதாதா? முடியாது என்றேன். "அப்ப நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார்." பக்கத்தின் கீழே நடந்ததைக் கருத்தாக எழுதினேன், சில நிமிடங்களில் அழித்துவிட்டார்கள். இரண்டாவது முறை எழுதியதும் பிளாக்.

செயலிக்காரர்களிடம் ரிப்போர்ட் செய்தால், அந்தப் பக்கம் விதிகளை மீறவில்லை என்று தானியங்கிப் பதில். வங்கியில் போய் நின்றேன். "நீங்களே பின் போட்டு அனுப்பின பணம் சார், பொருளும் வந்திருக்கே." கூரியரில், பெட்டியை ஒப்படைத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். அனுப்பியவர் முகவரி கேட்டால் ஒரு ஊர் பெயரும், என்னை பிளாக் செய்த அதே ஃபோன் எண்ணும். ஆளாளுக்குக் கை கழுவிவிட்டார்கள். 7,400 ரூபாய் மட்டும் எங்கோ ஒருவன் கணக்கில் பத்திரமாக இருக்கிறது.

கத்தி பார்த்து வாங்குவது பற்றி விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

ஃபுல் டாங் என்றால் பிடியின் முதுகிலும் அடியிலும் இரும்பு ஓடுவது வெளியே தெரிய வேண்டும். அந்தக் கோணத்தில் ஃபோட்டோ கேளுங்கள், தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். டமாஸ்கஸ் என்றால் அலகின் முதுகை அருகில் காட்டச் சொல்லுங்கள். அலகின் பக்கவாட்டில் இருக்கும் கோடு முதுகைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டும், முதுகு வெறுமையாக இருந்தால் அது அச்சு. உண்மையில் கேம்பிங்குக்கு டமாஸ்கஸே தேவையில்லை. 4 முதல் 5 அங்குல அலகு, 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன், என்ன எஃகு என்று எழுதிக் கொடுக்கும் ஆள், அது போதும். லாரி ஸ்பிரிங் பட்டையில் உள்ளூர் ஆசாரி அடித்துக் கொடுப்பது என்னுடைய 7,400 ரூபாய்க் கத்தியை விட ஆயிரம் மடங்கு மேல். கார்பன் எஃகு துருப்பிடிக்கும், எண்ணெய் தடவி வையுங்கள், தோல் உறைக்குள்ளேயே போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள்.

பெரிய பவுய் கத்தி (அமெரிக்கப் பாணி நீளக் கத்தி) ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலை, விவசாய வேலை போன்றவற்றுக்கென்று செய்யாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால், 2016 ஆயுத விதிகளின்படி அது ஆயுதப் பட்டியலில் வரும். இந்தப் பக்கங்கள் எல்லாம் "லைசன்ஸ் தேவையில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகின்றன, பிடிபட்டால் அவர்களா வருவார்கள்?

இலவசமாகப் பெயர் பொறித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். பில்லில் என்ன பொருள் என்று சரியாக இல்லாவிட்டால் மீதிப் பணம் அனுப்பாதீர்கள். இணையத்தில் விற்கிறவர் முகவரியையும் குறைதீர் அலுவலர் பெயரையும் காட்டியாக வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அவன் பக்கத்தில் இருந்தது ஒரு வாட்ஸ்அப் எண் மட்டும்தான்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை, இணையத்திலேயே மனுப் போடலாம். நானும் போடுகிறேன். அந்தக் குரல் பதிவுகளையும் வீடியோக்களையும் முதலில் டவுன்லோடு செய்ய வேண்டும், அவன் அழிப்பதற்குள். மிச்சத்தைக் கேட்டால் கருத்தில் சொல்கிறேன்.