சிப் பாட்டு ப்ளகினுக்கு எந்த லைப்ரரி: ஜிஎம்இயா, லிப்விஜிஎம்மா, லிப்சிட்பிளேயெஃப்பியா?

மியூசிக் பிளேயரில் பழைய கேம் பாட்டுகளை ஓட்ட ஒரு ப்ளகின் எழுதுபவருக்கு, அந்தக் காலச் சிப்பைப் போல நடித்து ஒலி தரும் லைப்ரரி ஒன்று வேண்டும். பழைய கேம் இசைக் கோப்புக்குள் ஒலி கிடையாது. ஒலிச் சிப்பின் எந்த ரெஜிஸ்டரில் (உள் நினைவிடத்தில்) எப்போது எதை எழுத வேண்டும் என்ற பதிவோ, அப்படி எழுதுகிற நிரலோதான் இருக்கும். எந்த லைப்ரரி அசல் சிப்போடு அச்சாக ஒத்துப்போகிறது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, கையில் இருக்கும் கோப்புகளின் வகையைப் பார்ப்பது மேல்.

நீலகிரி மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. கூடலூருக்கு ஆடி மழை, கோத்தகிரிக்கு ஐப்பசி மழை. இரண்டிலும் கரண்ட் போகும். பழைய லேப்டாப்பின் பேட்டரியில் பாட்டுக் கேட்பவருக்கு சிபியூ செலவும் முக்கியம்.

முதலில் ஜிஎம்இ, அதாவது கேம் மியூசிக் எமு. ஷே கிரீன் எழுதியது, லைசென்ஸ் எல்ஜிபிஎல். நின்டெண்டோவின் நெஸ் கன்சோலின் என்எஸ்எஃப், சூப்பர் நெஸ்ஸின் எஸ்பிசி, கேம்பாயின் ஜிபிஎஸ், ஸ்பெக்ட்ரமின் ஏஒய், எம்எஸ்எக்ஸின் கேஎஸ்எஸ் எல்லாம் ஒரே சி இன்டர்ஃபேஸில் கிடைக்கும். திற, டிராக்கைத் தொடங்கு, பஃபரை நிரப்பு: ப்ளகினின் எலும்புக்கூடு அவ்வளவுதான். ஆனால் பஃபரை நிரப்பும் அழைப்புக்குத் தர வேண்டியது ஃபிரேம் (இடது, வலது சேர்ந்த ஒரு ஜோடி) எண்ணிக்கை அல்ல, 16 பிட் சாம்பிள் எண்ணிக்கை. ஸ்டீரியோ என்பதால் 1024 ஃபிரேமுக்கு 2048. இங்கே 1024 என்று கொடுத்தால் பஃபரின் பின்பாதியில் பழைய ஒலியே தங்கி, பாட்டு கரகரக்கும்.

என்எஸ்எஃப் கோப்பில் பாட்டின் நீளம் இருக்காது. அப்போது ஜிஎம்இ தருவது 150 நொடி. அதை அப்படியே எடுத்துக்கொண்டு, முடிவில் ஃபேட் (ஒலி மெல்லத் தேய்வது) வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாட்டு முடிவே இல்லாமல் சுற்றும். பின்னோக்கி சீக் செய்தால் உள்ளே பாட்டு முதலிலிருந்து ஓடித்தான் அந்த இடத்துக்கு வரும். பயனர் ஸ்லைடரை இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு அசைவுக்கும் சீக் அனுப்பாதீர்கள், விரலை எடுத்ததும் ஒருமுறை போதும். சீக்கும் பஃபர் நிரப்பலும் இரண்டு திரெட்களிலிருந்து வந்தால் லாக் கட்டாயம்.

ஜிஎம்இ சறுக்குவது விஜிஎம்மில், அதாவது சிப்பில் எழுதியதை அப்படியே பதிவு செய்த கோப்பு வகையில். மெகா டிரைவ் கன்சோலின் எஸ்என்76489, ஒய்எம்2612 சிப்கள் வரை சரி. ஆர்கேட் சிப்களுக்கு எழுதிய கோப்பைக் கொடுத்தால் பிழை ஏதும் காட்டாமலே பாதி வாத்தியங்கள் காணாமல் போகலாம். கேட்பவர் ஸ்பீக்கரைத்தான் சந்தேகப்படுவார்!

அந்த இடத்துக்கு லிப்விஜிஎம். விஜிஎம், எஸ்98, டிஆர்ஓ, ஜிஒய்எம் நான்கையும் படிக்கும். சிப் பட்டியல் மிகப் பெரிது. எத்தனை முறை லூப், எத்தனை சாம்பிளுக்கு ஃபேட் என்பதைத் தனித்தனியாகச் சொல்லலாம். விஜிஎம்மின் நேரக்கணக்கு எப்போதும் நொடிக்கு 44100 சாம்பிள். ஹெடரில் 24ஆம் பைட்டிலிருந்து மொத்த சாம்பிள்களும் 32ஆம் பைட்டிலிருந்து லூப் சாம்பிள்களும் உண்டு. சவுண்ட் கார்டு 48000இல் ஓடினாலும் நீளத்தை 44100ஆல்தான் வகுக்க வேண்டும். என்எஸ்எஃப், எஸ்பிசி இதில் வராது.

ஒய்எம்2612க்கு இரண்டு லைப்ரரியிலுமே எமுலேஷன் கோரை (சிப்பைப் போல நடிக்கும் பகுதியை) தேர்ந்தெடுக்கலாம். நியூக்ட் என்ற கோர் சிப்பை சைக்கிள் சைக்கிளாக நடத்துகிறது. துல்லியம் அபாரம், பேட்டரி கரையும். ஜென்ஸ் இலகு. ஜிஎம்இயில் மேம் கோரை எடுத்தால் அது ஜிபிஎல் (மூல நிரலையும் தரச் சொல்லும் லைசென்ஸ்), நீங்கள் வெளியிடும் ப்ளகின் பைனரியும் ஜிபிஎல்லுக்குள் வந்துவிடும். கம்பைல் செய்யும் முன்பே இதை முடிவு செய்யுங்கள்.

ஆரன் கைல்ஸின் ஒய்எம்எஃப்எம்மைச் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். பிஎஸ்டி லைசென்ஸ், யமஹா எஃப்எம் சிப்களுக்கு அருமை. கோப்பைப் படிக்காது, பார்சர் உங்கள் தலையில்.

கமடோர் 64 கணினியின் சிட் ஒலிச் சிப் பாட்டுக்கு இவை எதுவும் போதாது. லிப்சிட்பிளேயெஃப்பியைத் தனி ப்ளகினாக வைப்பதே சுத்தம், அதுவும் ஜிபிஎல் என்பதால். சிட்டின் 6581 வகையில் ஃபில்டர் சிப்புக்குச் சிப் மாறும், ஆகவே ஃபில்டர் வளைவை அமைப்புகளில் திறந்து விடுங்கள். சில பாட்டுகளுக்கு அந்தக் கணினியின் கெர்னல், பேசிக் ரோம்களும் தேவை. அவற்றின் உரிமை வேறு, ப்ளகினோடு கட்டித் தராமல் பாதையை மட்டும் கேளுங்கள். சிட் கோப்பிலும் நீளம் இல்லை. ஹை வோல்டேஜ் சிட் கலெக்ஷனோடு வரும் பாட்டு நீளங்களின் எம்டி5 பட்டியலை ஒருமுறை இறக்கி டிஸ்கில் வைத்துக்கொண்டால் நெட் இல்லாத மழை நாளிலும் நீளம் சரியாகக் காட்டும்.