கொல்லையில் ஷெட் போடப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

மதுரைக்குப் பக்கத்தில் கடச்சனேந்தலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பங்குனியில் போட்ட தகர ஷெட், வைகாசியில் அடித்த ஒரே காற்றில் பிய்ந்துபோனது. போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அத்தை மத்தியானம் படுக்கிற கட்டில் மேலேயே ஒரு ஷீட் வந்து விழுந்தது. அவர் காபி குடிக்க அடுப்படிக்குள் வந்து ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

ஷெட் போட்டவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் எப்படி ஏமாற்றினார் என்பதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே முறையில் இன்னும் பல வீடுகளில் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் கொல்லை 18 அடி நீளம், 12 அடி அகலம். மேற்குப் பார்த்தது, மூன்று மணி வெயில் சுவரோடு சேர்த்து நம்மையும் சுடும். முன்பு கீற்றுக் கொட்டகைதான் இருந்தது. சோழவந்தான் பக்கமிருந்து கீற்று வாங்கி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். மேலே எலி ஓடும். தீபாவளி வந்தால் ராக்கெட் விழுந்துவிடுமோ என்று வாளியில் தண்ணீரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். சீட்டு எடுத்த பணம் 60,000 கையில் இருந்ததால், சித்திரைத் திருவிழாவுக்குள் தகர ஷெட் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். அழகர் எங்கள் ஊர் வழியாகத்தான் மதுரைக்கு வருகிறார். அன்றைக்கு வீட்டில் நாற்பது பேருக்குக் குறையாமல் சாப்பிடுவார்கள். ‘திருவிழாவுக்குள்ள முடிஞ்சிரணும் தம்பி’ என்று நானே அவரிடம் சொன்னேன். அவசரத்தில் இருக்கிறோம் என்பதை வேலைக்காரரிடம் முதல் நாளே காட்டிக்கொண்டது பெரிய தவறு.

மூன்று பேரிடம் ரேட் கேட்டோம். ஒருவர் சதுர அடி 190, ஒருவர் 230, வயதான ஒருவர் 285. அந்தப் பெரியவர் மட்டும் கூரை 14-க்கு 20, மொத்தம் 280 சதுர அடி, பைப் தடிமன் இவ்வளவு, ஷீட் தடிமன் இவ்வளவு, எல்லாம் சேர்த்து 79,800 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு அந்தத் தொகை மட்டும்தான் கண்ணில் பட்டது. 190 சொன்னவரைப் பிடித்தோம். 12-க்கு 18 என்றால் 216 சதுர அடி, 190-ஆல் பெருக்கினால் 41,040. மீதிப் பணத்தில் ஃபேனும் டியூப்லைட்டும் மாட்டலாம் என்று நானும் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டோம்.

‘பைப்பு என்ன தம்பி போடுவீங்க?’ என்று கேட்டேன். ‘ரெண்டு இஞ்ச் பைப்புக்கா. ரெண்டு எம்எம். யானை ஏறுனாலும் தாங்கும்’ என்றார். வாயால் சொன்னதுதான், எழுதவில்லை. பில் கேட்டதற்கு, ‘பில்லுன்னா 18 பெர்சென்ட் ஜிஎஸ்டி சேருமேக்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு’ என்றார். சரி என்றேன்.

முதலில் 25,000. இரும்பு வந்து இறங்கியதும் இன்னொரு 25,000. இரும்பு வந்தது சாயங்காலம் ஏழு மணிக்கு. பைப்பெல்லாம் பட்டறையிலேயே வெட்டி, ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி போட்டு வந்திருந்தது. வேலை சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பைப்பின் மேல் கம்பெனி பெயரும் தடிமனும் அச்சடித்திருக்கும். பெயிண்ட் அடித்துவிட்டால் அது தெரியாது. முனை திறந்திருந்தால் தடிமன் கண்ணுக்கே தெரியும். மூடி போட்டுவிட்டால் அதுவும் தெரியாது. இரண்டையும் மறைத்துத்தான் என் வீட்டு வாசலில் இறக்கியிருக்கிறார்.

மூன்று நாளில் வேலை முடிந்தது. கடைசி நாள் டேப்பை எடுத்து மேலே ஏறி ஷீட்டை அளந்தார். சரிவும் வெளியே நீட்டியிருக்கும் பகுதியும் சேர்த்து 15-க்கு 21, அதாவது 315 சதுர அடி. ‘ரேட்டு எப்பவுமே ஷீட் அளவுக்குத்தான்க்கா, தரை அளவுக்கு இல்ல.’ இது தொழில் வழக்கம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் தரையை அளந்து குறித்துக்கொண்டு போனவர் அன்றைக்கே அதைச் சொல்லியிருக்க வேண்டும். 59,850. தண்ணீர் வடியத் தகரக் கால்வாய் 3,150. பெயிண்ட் 3,000. வண்டி வாடகை 1,500. ஆக 67,500. திருவிழாவுக்கு நான்கு நாள் இருந்தது, சண்டை போடத் தெம்பில்லை. என் கொலுசை அடகு வைத்து மீதியைக் கொடுத்தோம்.

வைகாசியில் அந்தக் காற்று வந்தது. கோடை மழைக்கு முன்னால் மண்ணை வாரிக்கொண்டு வருமே, அதுதான். கால் மணி நேரம்கூட இல்லை. மேற்குப் பக்கம் மூன்று ஷீட் பறந்து, ஒன்று கட்டில் மேல், ஒன்று முருங்கை மேல், ஒன்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில். தூண்கள் அந்தப் பக்கம் தரையோடு கழன்று சட்டம் முழுவதும் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஸ்க்ரூவெல்லாம் பைப்பில் அப்படியே இருந்தது, ரப்பர் வாஷரோடு. ஷீட் மட்டும் ஸ்க்ரூவைச் சுற்றிக் கிழிந்திருந்தது, காலண்டர் தாளை ஆணியிலிருந்து பிடுங்கினால் எப்படிக் கிழியுமோ அப்படி. விரலால் அழுத்தினேன், ஷீட் உள்ளே போனது. தூணுக்கு அடியில் நாலு அங்குலத் தகடு, அதில் இரண்டே போல்ட், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். குழி தோண்டவில்லை, கான்கிரீட் இல்லை, பழைய சிமெண்ட் தரையிலேயே துளை போட்டு முறுக்கியிருக்கிறார்.

கழன்று கிடந்த பத்தடிப் பைப் ஒன்றை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 5 கிலோ 600 கிராம். இரண்டு இஞ்ச் சதுரப் பைப் 2 எம்எம் தடிமனில் இருந்தால் பத்தடிக்கு 9 கிலோவுக்கு மேல் வர வேண்டும். லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்து கொடுத்தார்கள்: 1.2 எம்எம். ஷீட் 0.50 எம்எம் என்று ஷெட் போட்டவர் சொல்லியிருந்தார், இருந்தது 0.30. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சைக் கலர்தான். இரும்பு எடைக்கு விற்கிற பொருள். அதை நம்மிடம் சதுர அடியில் விற்றால், நடுவில் காணாமல் போன கிலோ யாருக்கும் தெரியாது. 190-க்கு எப்படிக் கட்டுப்படியானது என்று எனக்கு அந்தத் தராசு முன்னால்தான் புரிந்தது.

சிவில் படித்த என் அக்கா மகன் வந்து பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னான். சுவர் இல்லாத ஷெட்டைக் காற்று மேலிருந்து அமுக்குவதைவிடக் கீழே புகுந்து தூக்குவதுதான் அதிகம். அதனால் தூண் எவ்வளவு கனம் தாங்கும் என்பதைவிட, தரையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டடம் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநூல் IS 875, மூன்றாம் பாகத்தில் மதுரைக்குக் காற்றின் அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள், மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊரில் சுண்டுவிரல் போல்ட்டை வைத்து என்ன செய்வது?

அவருக்குப் போன் போட்டேன். ‘இயற்கைச் சீற்றத்துக்கு நாங்க என்னக்கா பண்றது? வந்து பாக்குறேன், பாத்துக்கிருவோம்’ என்றார். வரவில்லை. நான்காவது நாளிலிருந்து போனையும் எடுக்கவில்லை.

பில் இல்லாததால் எதுவும் செய்ய முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். அது சரியில்லை. ஜிபேயில் பணம் போன விவரம், வாட்ஸப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், வேலை நடந்தபோது எடுத்த போட்டோ எல்லாம் இருந்தன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தேன். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பாதிப்பு நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். என் மனு இன்னும் நடக்கிறது.

ஷெட்டைத் திரும்பப் போட்டுவிட்டோம். 285 சொன்ன பெரியவரிடமே போய் நின்றேன். கூலி மட்டும் அவருக்கு, இரும்பை நாங்களே கடையில் கிலோக் கணக்கில் பில் போட்டு வாங்கினோம். பெயிண்ட் அடிக்காத பைப், அச்சு தெரிய, கண் முன்னால் எடை போட்டு. ஷீட்டுக்குப் பெயிண்ட்டோடு சேர்த்த தடிமனா, வெறும் தகட்டுத் தடிமனா என்று கேளுங்கள் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். இரண்டும் வேறு வேறு எண். ஒவ்வொரு தூணுக்கும் இரண்டடிக் குழி தோண்டி, கான்கிரீட்டில் போல்ட்டைப் புதைத்து, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தூணை நிறுத்தினார். குழி மூடுவதற்கு முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். பணமும் வேலைக்குப் பின்னால்தான் போனது: குழி முடிந்ததும் கொஞ்சம், சட்டம் நின்றதும் கொஞ்சம், ஒரு மழை பார்த்த பிறகு மீதி.

அதற்கு 62,000 ஆனது. பழைய இரும்பைக் கடையில் போட்டு 5,600 வந்தது. ஆக இந்த ஷெட்டுக்கு நாங்கள் கொடுத்த விலை 1,23,900. முதலிலேயே அந்தப் பெரியவர் தாளில் எழுதிக் கொடுத்தபடி போட்டிருந்தால் 79,800-இல் முடிந்திருக்கும்.

பழைய பைப்பில் அந்தப் பத்தடித் துண்டை மட்டும் விற்கவில்லை, கொல்லைப்படி ஓரம் சாத்தி வைத்திருக்கிறேன். போன வாரம் எதிர்வீட்டு அண்ணன் மாடியில் ஷெட் போட ஆள் வரச் சொல்லியிருந்தார். அந்தத் துண்டையும் தராசையும் வாங்கிக்கொண்டு போனார். வந்தவர் அன்றைக்கு அட்வான்ஸ் கேட்காமலே கிளம்பிவிட்டாராம்.