வன்னிக் கூடாரத்துக்கு எந்த மூளை?

பசுமைக்குடிலைத் தானாக இயக்குவது பற்றித் தேடினால் வருகிற காணொளிகளில் பாதி, குளிர்காலத்தில் எப்படிச் சூடாக்குவது என்றுதான் பேசும். கிளிநொச்சியில் இருந்துகொண்டு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அக்கராயன் பக்கம் எங்கள் வளவில் இருபதுக்குப் பத்தடியில் ஒரு பொலித்தீன் கூடாரம். உள்ளே தக்காளியும் கறிமிளகாயும். ஆடி மாதத்து மத்தியானம் உள்ளே 40 பாகையைத் தாண்டும். 35 பாகைக்கு மேல் போனால் தக்காளியின் மகரந்தம் பழுதாகிப் பூ கொட்டிவிடும். ஆக எங்களுக்கு வேண்டியது நேரத்துக்குத் தண்ணியும், சூட்டைத் தணிக்க விசிறியும் நீர்த்தூவலும். இவற்றைத் தானாக இயக்கும் மூளையாக எந்தக் கருவியை வாங்குவது என்பதுதான் கேள்வி.

சித்தி கேட்டா: "தம்பி, ரெண்டு வாளி தண்ணி ஊத்த இவ்வளவு வயரோ?"

"வாளி தூக்க நான் வீட்டில நிக்கிறேனா சித்தி?" கிழமை நாட்களில் எனக்கு வேலை வவுனியாவில்.

எதை வாங்கினாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி, கரண்ட் போய் வந்தால் இது என்ன செய்யும் என்பதுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னார். வன்னியில் குரங்குக்குப் பஞ்சமா என்ன?

சரி, மலிவானதில் தொடங்கலாம். பல் வைத்த சக்கர ரைமர் உறுதியானது, யாருக்கும் விளங்கும். ஆனால் கரண்ட் நிற்கும்போது அதன் மணிக்கூடும் நின்றுவிடும். மூன்று மணித்தியாலம் வெட்டினால், காலை ஆறு மணித் தண்ணி ஒன்பதுக்குப் போகும். அப்படி இரண்டு வெட்டுக்குப் பிறகு உச்சி வெயிலில் ஊற்றும். உள்ளே சின்னப் பற்றரி உள்ள இலக்க ரைமரில் இந்தப் பிரச்சினை இல்லை. இரண்டுக்குமே மண் ஈரமா காய்ந்ததா என்று தெரியாது. மாரியில் மூடிய வானத்தின் கீழும் அதே அளவு ஊற்றி வேரை அழுகவைக்கும்.

ஸ்மார்ட் சுவிட்ச் இதைவிடக் கெட்டிக்காரன் போலத் தெரியும். வவுனியாவில் இருந்து போனில் தட்டினால் மோட்டர் ஓடும். ஆனால் இந்த வகையில் பெரும்பாலானவற்றில் அந்தத் தட்டல் எங்கோ வெளிநாட்டுச் சேர்வருக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். ஒரு வைகாசியில் எல்லோரும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போயிருந்தோம். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், இரவு திரும்ப வந்தது. முன்பிருந்த நிலைக்கே திரும்பும்படி நான்தான் அமைத்திருந்தேன். அதனால் சுவிட்ச் எழும்பியதும் மோட்டரை ஓடவிட்டது. நிறுத்தச் சொல்ல இணையம் இல்லை. விடிய வந்து பார்த்தால் கிணற்றில் அடி தெரிந்தது, மோட்டர் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று: 10 அம்பியர் என்று எழுதியிருந்தாலும் ஒரு குதிரைவலு மோட்டரை அதில் நேரே கொழுவக்கூடாது. கிளம்பும்போது மோட்டர் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். உள்ளே மின்சாரத்தைத் தொடுத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிப்போகும். இடையில் அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சான கொன்ராக்டர் ஒன்று வேண்டும். விசிறி ஒன்றை மட்டும் இயக்க என்றால் ஸ்மார்ட் சுவிட்ச் போதும்.

ஆர்டுயினோ ஊனோ, நாமே நிரல் எழுதி ஏற்றும் சின்ன மின்னணுப் பலகை, நல்ல உழைப்பாளி. கரண்ட் வந்த கணமே வேலையைத் தொடங்கும். அதன் பழைய ஆர்3 பதிப்பில் வைபை இல்லை, அதனால் தூர இருந்து பார்க்க முடியாது. பிள்ளைகளுக்குப் பழக்க வாங்கலாம்.

உண்மையான போட்டி ராஸ்பெரி பைக்கும் ஈஎஸ்பி32க்கும் இடையில்தான். பை முழுக் கொம்பியூட்டர்: கமெரா, உணரி அளவுகளின் வரைபடம், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் எல்லாம் ஓடும். ஆனால் மண் ஈர உணரியின் வோல்ற்றளவை நேரே வாசிக்கும் முனை அதில் இல்லை. தனியாக ஒரு மின்னணுச் சில்லு சேர்க்கவேண்டும். அதைவிடப் பெரிய தலையிடி மெமரி கார்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்ட் பழுதாகி, பை திரும்ப எழும்பாமலே போகலாம்.

ஈஎஸ்பி32 சின்னப் பலகை. வைபை உள்ளேயே இருக்கிறது, முடிவும் அதற்குள்ளேயே எடுக்கப்படும். ஈஎஸ்ப்ஹோம் என்ற மென்பொருளைப் போட்டால் நிரல் எழுதவும் பெரிதாகத் தெரியவேண்டியதில்லை. ஆனால் மூன்று இடத்தில் காலை வாரும். ஒன்று, வைபை கிடைக்காவிட்டால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானே மறுதொடக்கம் செய்வது ஈஎஸ்ப்ஹோமின் இயல்பு அமைப்பு; அதைப் பூச்சியமாக்காவிட்டால், ரவுட்டர் படுத்த நாளில் தண்ணி பாதியில் நிற்கும். இரண்டு, இணையம் இல்லாமல் எழும்பினால் மணி தெரியாது. நாணயப் பற்றரியுள்ள டிஎஸ்3231 கடிகாரம் ஒன்றை இணைக்கவேண்டும். மூன்று, வைபை ஓடும்போது சில முனைகளில் உணரியை வாசிக்க முடியாது. 32 முதல் 39 வரையானவற்றில் கொழுவுங்கள். இந்த மூன்றையும் சரிசெய்தால் என் வாக்கு இதற்குத்தான். பையை வீட்டுக்குள் வைத்து, வரைபடம் பார்க்க மட்டும் விட்டிருக்கிறேன். அது செத்தாலும் தக்காளி சாகாது.

உணரியில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு உலோகக் கால் உள்ள மண் உணரி மின்பகுப்பால் சீக்கிரம் அரித்துப்போகும். உலோகம் மண்ணில் படாத கொள்ளளவு வகை நீடிக்கும். காற்றின் சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் உணரிகளில் டிஎச்டி22 நீர்த்தூவலின் ஈரத்தில் மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும், எஸ்எச்டி31 அதைவிடத் தாங்கும்.

வால்வில் நான் ஏமாந்ததையும் சொல்லவேண்டும். மின்காந்தத்தால் திறக்கும் மலிவான 12 வோல்ற் சொலனோயிட் வால்வுகளில் குறைந்தபட்ச அழுத்தம் 0.02 மெகாபஸ்கால் என்று சிறிய எழுத்தில் இருக்கும்: தாங்கியில் தண்ணி குறைந்தது இரண்டு மீற்றர் உயரத்தில் நின்றால்தான் ஒழுங்காகத் திறக்கும் என்று அர்த்தம். என் தாங்கி ஒரு மீற்றர்க் கட்டில் நின்றது. அப்புறம் மோட்டரால் திரும்பும் பந்து வால்வுக்கு மாறினேன். அது திரும்பும்போது மட்டும்தான் மின்சாரம் குடிக்கும்; சொலனோயிட் திறந்திருக்கும் நேரம் முழுக்கக் குடிக்கும்.

இப்போது பலகை, உணரிகள், வால்வு எல்லாம் 12 வோல்ற், 7 அம்பியர்மணிப் பற்றரியிலும் ஒரு சின்னச் சோலர் தட்டிலும் ஓடுகிறது. ஈய அமிலப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது ஏறக்குறைய 42 வற்மணி. வைபை எந்நேரமும் விழித்திருந்தால், வெயில் இல்லாத மாரியில் இரண்டு நாளுக்குத்தான் காணும். அதனால் ஐப்பசி பிறந்ததும் பலகையை மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஆழ்தூக்க நிலையில் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்புகிறேன்.