டேப் இடைவெளியும் துணிக் கணக்கும்: நான்கு வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணிக் கணக்கு என் பொறுப்பு. நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அழுத்துவது) முடிந்து கட்டிங்குக்கு வரும்வரை தேதி, டிசி (டெலிவரி சலான்) நம்பர், நிறம், டயா (துணிக் குழாயின் விட்டம்), ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ரோல், கிலோ என்று ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது துணித் தொகுதிக்கும், ஒரு வரி எழுதியாக வேண்டும். எக்செல்லில் நேராக அடித்தால் '12-3' என்ற லாட் நம்பர் தேதியாக மாறிவிடும், 00415 என்ற டிசி வெறும் 415 ஆகிவிடும். செல்லை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று மாற்றி வைக்கலாம்தான். லோடு வண்டி வாசலில் நிற்கும்போது அது யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் வெறும் எழுத்து மட்டும் அடிக்கும் டெக்ஸ்ட் எடிட்டரில், ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவில் டேப் கீயைத் தட்டி எழுதி, மாதக் கடைசியில் நிதானமாகச் செல்களை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு எக்செல்லில் ஒட்டுவேன்.

ஆரம்பத்தில் எட்டு எழுத்து இடைவெளிதான் இருந்தது, அதாவது டேப் தட்டினால் எட்டு எழுத்துக்கு ஒன்றாக இருக்கும் அடுத்த நிறுத்தத்துக்குத் தாவும். 'ரெட்' என்ற நிறத்துக்குப் பின் இரண்டு டேப், 'நேவி ப்ளூ' என்றால் ஒரு டேப் என்று கண்ணுக்கு நேராகும்வரை தட்டுவேன். திரையில் அழகாக இருக்கும். எக்செல்லில் ஒட்டினால் இரண்டு டேப் போட்ட வரிகள் மட்டும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போகும். ஒரு மாதம் கிலோ காலத்தில் (நெடுவரிசையில்) 412 இருக்க வேண்டிய இடத்தில் ரோல் எண்ணிக்கையான 18 வந்து உட்கார்ந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் துணி குறைகிறது என்று டையிங்காரரிடம் போனில் சத்தம் போட்டுவிட்டேன். மறுநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

எங்கள் கணக்குப்பிள்ளை அண்ணன் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். "ஏன் தம்பி, ஸ்டேட்மென்ட் அடிக்கறப்ப ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியா டேப் செட் பண்ணிக்குவமுங்களே, இதுல அது இல்லீங்களா?" என்றார். அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் 2018-இல் சேர்ந்த 'வார்டேப்ஸ்டாப்' என்ற செட்டிங் அதையேதான் செய்கிறது. 12,10,24,6 என்று கொடுத்தால் முதல் காலம் 12, அடுத்தது 10, நிறத்துக்கு 24, அதற்குப் பிறகு எல்லாம் 6. ஒரு காலத்துக்கு ஒரே ஒரு டேப். கோப்பில் வேறெதுவும் மாறாது. 'எக்ஸ்பேண்ட்டேப்' என்ற இன்னொரு செட்டிங் மட்டும் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப் அடித்த இடத்தில் வெறும் ஸ்பேஸ்கள் விழும். ஆங்கிலத்தில் எழுதிய கணக்குக்கு இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை.

பார்ட்டி பெயரைத் தமிழில் எழுத ஆரம்பித்ததும் கோடு கோணலாகிவிட்டது. விம் ஒரே அகலக் கட்டங்களை எண்ணித்தான் டேப் வைக்கிறது. நம் 'ணௌ'வும் 'ர்'-உம் ஒரே அகலத்தில் அடங்குமா? அப்புறம்தான் நோட்பேட்++ என்ற வேறொரு எடிட்டரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் எலாஸ்டிக் டேப்ஸ்டாப்ஸ் பிளகினுக்கு வந்தேன். 2006-இல் நிக் கிராவ்கார்ட் முன்வைத்த யோசனை அது. எழுத்தை எண்ணாமல், அடுத்தடுத்த வரிகளில் எது அகலமோ அதைத் திரையில் அளந்து காலத்தை விரிக்கிறது. எந்த ஃபான்ட் ஆனாலும் தமிழும் ஆங்கிலமும் கலந்த கணக்கு நேராக நிற்கிறது. முதல் நாள் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சங்கடமும் உண்டு. ஒரு வரியில் 'கலர் மேட்ச் ஆகவில்லை, ரீடையிங் அனுப்பியது' என்று நடுவில் குறிப்பு எழுதினால் அந்தக் காலம் முழுக்க விரிந்து கிலோ திரைக்கு வெளியே போய்விடும். குறிப்பைக் கடைசிக் காலமாக வைத்தால் போதும். அதன் பின்னால் டேப் இல்லாததால் அகலக் கணக்கில் அது சேராது. லாட்டுக்கு லாட் வெற்று வரி விட்டால் ஒவ்வொரு தொகுதியும் தனித்தனியாக நேராகிறது. எனக்கு அது பிடிக்கும், மேனேஜருக்குப் பிடிக்காது. ஒரு வருடக் கணக்கை ஒரே கோப்பில் வைத்தபோது தட்டச்சு இழுத்தது, அதனால் மாதத்துக்கு ஒரு கோப்பு.

டையிங்காரர் இதே கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்தால் இன்னும் கோணலாகத்தான் தெரியும். எக்செல்லில் ஒட்டிப் பாருங்க என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அங்கே ஒவ்வொரு எண்ணும் அதனதன் கட்டத்தில் விழுகிறது.