ரிட்டன் லாரி ஆப்பில் போனது 12,000 ரூபாய்: மண்டபம் பக்கத்து வியாபாரிகள் கவனத்துக்கு

இன்று விடியற்காலை வர வேண்டிய லாரி வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. சங்காயக் கருவாடு (சாப்பாட்டுக்கு ஆகாத பொடிமீனைக் காயவைத்தது) மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது. காத்திருந்த லோடுமேன்களுக்குக் கூலி தனி. 12,000 ரூபாய் போயே போச்சு.

நாமக்கல் கோழித்தீவனத்துக்குப் போகும் சரக்கு. எப்போதும் ராமநாதபுரம் புக்கிங் ஆபீஸில்தான் வண்டி பிடிப்போம். இந்த முறை ஒரு ஆப். பெயர் வேண்டாம், சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிக்கு லோடு பிடித்துத் தரும் வகை. டீசல் மிச்சம், புகை குறைவு, வாடகையும் குறைவு என்கிறார்கள். யோசனையில் குற்றமில்லை. நம்ம பக்கம் சிமெண்ட், அரிசி இறக்கிவிட்டு எத்தனை வண்டி வெறுமனே திரும்புகிறது!

லோடு விவரம் போட்டதும் ஒருவர் கூப்பிட்டார். பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை டிக். “பரமக்குடில சிமெண்ட் இறக்கிட்டு இருக்கோம்ங்கண்ணா, விடியறதுக்குள்ள வந்துருவோம்ங்க.” அசல் கொங்குப் பேச்சு. பின்னால் “பார்த்து, பார்த்து” என்று மூட்டை இறக்கும் சத்தம் வேறு. ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. வாடகை 16,000, டீசலுக்கு அட்வான்ஸ் 12,000. லாரி வாடகையில் பெரும்பங்கை முன்பணமாகக் கேட்பது ஊர் வழக்கம்தானே, அனுப்பினேன். “வந்துருச்சுங்கண்ணா” என்றார். அப்புறம் சுவிட்ச் ஆஃப்.

ஆர்.சி.யில் இருந்த வண்டி நிஜம்தான். விசாரித்துப் பிடித்தால் ஓனர் சங்ககிரிக்காரர். வண்டி ஒடிசாவில் நிற்கிறதாம். பாவம், அவருக்கே இது புதுச் செய்தி.

ஆப்காரர்களின் பதில்தான் வயிற்றெரிச்சல். “புகார் பதிவாயிருச்சு சார்.” மறுபடி கூப்பிட்டால் வேறொருவர்: “ஆப்புக்கு வெளியே அனுப்பின பணத்துக்கு நாங்க பொறுப்பில்ல சார்.” அந்த நம்பரைக் காட்டியதே ஆப்தான்! பச்சை டிக் எதைப் பார்த்துப் போட்டீர்கள் என்றால், “மேலிடத்துக்கு அனுப்பறோம் சார்.” கல்யாணத் தரகர்கூட மாப்பிள்ளை வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜாதகம் நீட்டுவார். 12,000 ரூபாய், சார், கடலில் கிடைத்த காசா அது?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான்: வண்டி வாசலில் நிற்காமல் பணம் அனுப்பாதீர்கள். வண்டி விவரம் காட்டும் அரசாங்க ஆப்பான எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டால் ஓனர் பெயர் பாதி மறைந்துதான் வரும், இருந்தாலும் பணம் கேட்கும் கணக்கின் பெயரோடு ஒத்துப் பாருங்கள். பணம் போய்விட்டால் ஆப்காரர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். வேறு கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி ஆட்கள் குரூப்பிலும் போட்டுவிடுங்கள்.