ஞாபகத்துக்கு ஒரு ஸ்கேன்: கடையிலா, டாக்டரிடமா?

அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு ஆல்பத்துக்காகவே எடுக்கும் ஸ்கேன் ஒன்று உண்டு. குறை ஏதும் தேடமாட்டார்கள். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் முகத்தை 3டி-யில் பார்க்கலாம், துடிப்பைப் பதிவு செய்து கரடி பொம்மைக்குள் வைத்தும் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் தனியார் ஸ்டூடியோக்கள் நடத்தும் வியாபாரம் இது. எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள், அதை டாக்டர்களின் கிளினிக்கிலேயே காசு வாங்கிக்கொண்டு எடுத்துக்கொடுத்தால் என்ன?

கிளினிக்கின் பக்கம் நியாயம் இருக்கிறது. பயிற்சி பெற்றவர் எடுப்பார், மெஷின் பராமரிப்பில் இருக்கும். முக்கியமாக, திரையில் துடிப்பு இல்லை என்றால் அடுத்த அறையில் டாக்டர் இருப்பார். ஸ்டூடியோவில் அந்த நிமிடம் என்ன செய்வார்கள்? 'இது மருத்துவப் பரிசோதனை அல்ல' என்று முன்பே கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். அதைவிட மோசம், அங்கே அழகான முகத்தைப் பார்த்துவிட்டு 'எல்லாம் நல்லா இருக்கு' என்று நம்பி நிஜப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது.

ஆனால் கிளினிக்கிலும் சிக்கல் உண்டு. இருபதாவது வாரத்தையொட்டி எடுக்கும் ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறை, முதுகெலும்பு, சிறுநீரகம், வயிற்றுச் சுவர் என்று வரிசையாகப் பார்த்து முடித்துவிடுவார்கள். ஆல்பப் படத்துக்கு அப்படி ஒரு முடிவே கிடையாது. பிள்ளை கையால் முகத்தை மூடிக்கொண்டால் ஜில்லென்று ஜூஸ் குடிக்கச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள், வயிற்றை மெல்ல அசைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள். அல்ட்ராசவுண்ட் திசுவைக் கொஞ்சம் சூடாக்கும். குழந்தைகளுக்குக் கேடு வந்ததாக நிரூபணம் இல்லைதான். ஆனாலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மருத்துவக் காரணமில்லாத ஸ்கேன் வேண்டாம் என்கிறது. தேவையான தகவலுக்கு எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவே என்பது இந்தத் துறையின் அடிப்படை விதி. தகவலே தேவையில்லாத ஸ்கேனுக்கு எது குறைவு?

இன்னொன்று, டாக்டர் கையால் எடுத்தால் 'சும்மா போட்டோதான்' என்று யாரும் நினைக்கமாட்டார்கள். குறை ஒன்று கண்ணில் படாமல் போனால் கையெழுத்து வாங்கியதால் மட்டும் அவரால் தப்பிக்க முடியுமா? போதாததற்கு, பரிந்துரைப்பவரே விற்பவராகவும் ஆகிறார். எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

ஜெர்மனி 2021 தொடக்கத்தோடு இந்தக் கதையை முடித்துவிட்டது. மருத்துவ நோக்கமில்லாமல் கருவை அல்ட்ராசவுண்டுக்கு உட்படுத்தக் கூடாது என்பது அங்கே விதி. டாக்டருக்கும் விலக்கு இல்லை. காப்பீட்டில் வரும் மூன்று வழக்கமான ஸ்கேன்கள் அப்படியே நடக்கின்றன. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 2009-லேயே தடை போட்டது. கலிஃபோர்னியாவில், டாம் க்ரூஸ் சொந்தமாக ஸ்கேன் மெஷின் வாங்கிய பரபரப்புக்குப் பிறகு, மெஷின் விற்பனையைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா வந்தது. 2006-இல் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் அதை நிராகரித்தார். (ஒரு நடிகரால் வந்தது, இன்னொரு நடிகரால் போனது!)

இந்தியாவில் பேச்சே வேறு. 1994 சட்டப்படி ஒவ்வொரு கர்ப்பகால ஸ்கேனுக்கும் மருத்துவக் காரணத்தைப் படிவத்தில் எழுத வேண்டும், 'ஞாபகத்துக்காக' என்று எழுத அதில் இடமில்லை. ஆணா பெண்ணா என்று சொன்னால் மூன்றாண்டு வரை சிறை.

என்னைக் கேட்டால் கிளினிக் இதைத் தனியாக விற்க வேண்டாம். தேவைக்காக எடுக்கும் ஸ்கேனிலேயே, அளவெடுத்து முடிந்ததும், கிடைத்த படத்தில் நல்லதாக ஒன்றை அச்சிட்டுக் கொடுக்கட்டும். முகம் சரியாகத் தெரியவில்லையா, தெரியவில்லைதான். சரி, இவ்வளவுக்குப் பிறகும் ஸ்டூடியோவுக்குத்தான் போகிறீர்கள் என்றால் திரையின் ஓரத்தில் டி.ஐ. என்று ஓடும் எண்ணை, அதாவது திசு எவ்வளவு சூடாகலாம் என்று காட்டும் குறியீட்டை, கவனியுங்கள். பிரிட்டிஷ் அல்ட்ராசவுண்ட் சங்கத்தின் கணக்குப்படி அது 0.7-ஐத் தாண்டினாலே ஸ்கேன் நேரத்துக்கு வரம்பு தொடங்கிவிடும். 1.5-ஐத் தாண்டினால் 15 நிமிடத்துக்கு மேல் கூடாது. துடிப்பைக் கேட்க டாப்ளர் (அசைவை ஒலியாக்கும் ஸ்கேன் முறை) போட்டால் எண் ஏறும் என்பதால் கரடி பொம்மையையாவது விட்டுவிடுங்கள்.